குளத்து மாதிரியுருவை இன்னொருவர் கையிலும் ஓடவைக்க: ஆய்வு மென்பொருளை ஆவணப்படுத்தும் முறை

காலபோக (பெரும்போக) மழை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், எனக்குப் பின் ஆய்வுக்கு வந்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, இந்த 0.7 எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய, குளமொன்றின் நாளாந்த நீர்மட்டத்தைக் கணிக்கும் செய்நிரலில் அந்த எண் ஓரிடத்தில் தனியாக நின்றது. அது ஆவியாதல் தட்டத்தின் குணகமா (திறந்த தட்டத்தில் அளந்த ஆவியாதலைக் குளத்துக்குப் பொருந்த மாற்றும் எண்), நீரேந்து பிரதேசத்தில் விழும் மழையில் குளத்துக்கு வந்துசேரும் பங்கா, அல்லது கணிப்பு அவதானத்தோடு ஒத்துப்போகும்வரை நானே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து நிறுத்திய எண்ணா என்று எனக்கே நினைவில்லை. மூன்றாகவும் அது இருந்திருக்கலாம் என்பதுதான் சிக்கல். மூன்றுவிதமாகவும் மாற்றி இயக்கிப் பார்த்து இரண்டு நாட்களில் அவர் கண்டுபிடித்ததை, அன்று நான் ஒரு வரியில் எழுதி வைத்திருக்கலாம்.

அந்த ஒரு வரியை எங்கே, எப்படி எழுதுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் ஆண்டுதோறும் இறுதியாண்டு ஆய்வுகளுக்காக உருவகப்படுத்தல் செய்நிரல்கள் எழுதப்படுகின்றன. அவற்றில் பல எழுதியவரின் மடிக்கணினியோடு ஊரை விட்டுப் போய்விடுகின்றன. எடுத்துக்காட்டாக முழுவதிலும் ஒரே செய்நிரலையே எடுத்துக்கொள்கிறேன்: வன்னிக் குளம் ஒன்றின் நாளாந்த நீர்ச் சமநிலையைக் கணிக்கும், பைதன் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட சிறிய மாதிரியுரு. நெல் வளர்ச்சியையோ, கடனீரேரியின் உவர்த்தன்மையையோ, டெங்குப் பரவலையோ உருவகப்படுத்துகிறவரும் அலகுகளையும் பெயர்களையும் மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

முதற்பக்கம்

ஆவணத்தைத் திறப்பவர்கள் மூன்று வகையினர். செய்நிரலைத் தன் தரவோடு இயக்க விரும்புகிறவர் ஒருவர். அதை மாற்றியெழுத விரும்புகிறவர் இன்னொருவர். அதன் முடிவை நம்பலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் மூன்றாமவர். ஆய்வுக் கட்டுரையின் மதிப்பீட்டாளரோ, நீர்ப்பாசனப் பொறியியலாளரோ மூன்றாமவராக இருக்கலாம். இம்மூவரும் வேறுவேறு பக்கங்களுக்குப் போவார்கள் என்றாலும் முதற்பக்கம் மூவருக்கும் பொது. கோப்புறையைத் திறந்தவுடன் கண்ணில் படும் ரீட்மீ கோப்புத்தான் அந்த முதற்பக்கம். அதில் ஆய்வின் பின்னணியையும் நன்றியுரையையும் எழுதி நிரப்பாமல், செய்நிரல் எதைப் பெற்று எதைத் தருகிறது, எதைத் தராது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். என்னுடையதை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"இது தனிக் குளமொன்றின் நாளாந்த நீர்ச் சமநிலையைக் கணிக்கும் செய்நிரல். நாளாந்த மழை, தட்டத்தில் அளந்த ஆவியாதல், துருசால் (வாய்க்காலுக்கு நீர்விடும் மதகால்) திறந்துவிட்ட நீர் ஆகியவற்றைத் தந்தால், மறுநாட் காலை நீர்மட்டத்தையும் வான் பாய்ந்த (குளம் நிரம்பி வழிந்த) நீரின் கனவளவையும் தரும். மணித்தியாலக் கணக்கில் எழும் வெள்ளத்தையோ, குளக்கட்டுக்குக் கீழே நீர் பரவும் இடங்களையோ, நிலத்தடி நீரையோ இது கணிப்பதில்லை. மேற்குளத்தின் வான் நீர் கீழ்க்குளத்தின் வரவாக அமையும் தொடர்குளங்களில், கீழ்க்குளத்துக்கு மட்டும் இதைத் தனியே இயக்கக்கூடாது."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் செய்நிரலால் முடியாததை முதற்பக்கத்தில் எழுதுவது, கடைக்குள் வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுபோலத் தோன்றும். ஆனால் தவறான வேலைக்கு அதை எடுத்துப்போய் ஒரு மாதம் வீணாக்கியவர் மறுபடி உங்களுடைய எந்தச் செய்நிரலையும் தொடமாட்டார்.

முதல் இயக்கம்

முதற்பக்கத்துக்கு அடுத்து வரவேண்டியது, புதியவர் அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறை இயக்கிப் பார்த்து, வெளியீடு சரியா என்று தானே உறுதி செய்யக்கூடிய சிறிய பயிற்சி. இதற்கு முப்பது நாட்களுக்கான கற்பனைத் தரவுக் கோப்பு ஒன்றைச் செய்நிரலோடு சேர்த்தே வையுங்கள். அதை இயக்கினால் முப்பதாம் நாள் என்ன மட்டம் வரவேண்டும், எந்த நாளில் வான் பாயத் தொடங்கவேண்டும் என்பதை எண்ணாகவே எழுதிவிடுங்கள். எத்தனையாம் தசமதானம் வரை ஒத்திருக்க வேண்டும் என்பதும் அவசியம். வேறு கணினியில், வேறு பதிப்பு லைப்ரரியில் (செய்நிரல் பயன்படுத்தும் ஆயத்தத் துணைநிரல் தொகுப்பில்) கடைசி இலக்கங்கள் சற்று மாறுவது இயல்பு. அதைச் சொல்லாவிட்டால் புதியவர் பன்னிரண்டாம் தசமத்தில் கண்ட வேறுபாட்டுக்காகத் தூக்கம் கெடுவார், அல்லது இரண்டாம் தசமத்தில் கண்ட வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவார்.

செய்நிரலில் எழுமாற்று எண்கள் பயன்பட்டால், அவற்றின் தொடக்க எண்ணை உள்ளீட்டுக் கோப்பில் வெளிப்படையாக வைத்து, பயிற்சிக்கு எந்த எண்ணைத் தரவேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். பைதனின் எந்தப் பதிப்பு, ஒவ்வொரு லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்பதைத் தனிக் கோப்பில் எழுதிவையுங்கள். "அண்மைய பதிப்பை நிறுவுக" என்று எழுதுவது இரண்டே ஆண்டுகளில் பொய்யாகிவிடும். எல்லாரிடமும் நல்ல இணைய இணைப்பு இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். தேவையான லைப்ரரிகளை ஒரு பென் ட்ரைவில் கொண்டுபோய், இணையமில்லாத கணினியில் நிறுவும் வழியையும் நான் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்; வயற்பக்கத்து அலுவலகக் கணினிகளில் இதுவரை அதிகம் பயன்பட்ட பத்தி அதுதான்.

அலகு, நாள், நேரம், பெயர்

மற்றப் பகுதிகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கவேண்டாம். நானறிந்தவரை, ஒருவரின் செய்நிரலை இன்னொருவர் இயக்கித் தவறான விடை பெறும்போது, பெரும்பாலும் சமன்பாட்டில் பிழை இருப்பதில்லை. உள்ளீட்டில் இருந்த எண்ணை அவர் வேறொன்றாக விளங்கிக்கொண்டிருப்பார்.

நம் குளங்களின் கணக்கு இரண்டு அளவுமுறைகளில் நடக்கிறது. நீர்மட்டத்தை அடியில் வாசிக்கிறோம். கொள்ளளவை ஏக்கர் அடியில் (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர்) சொல்கிறோம். துருசின் பாய்ச்சலைக் கியூசெக்கில் (செக்கனுக்கு ஒரு கன அடி) குறிக்கிறோம். மழையை மட்டும் மில்லிமீற்றரில் எழுதுகிறோம். ஆய்வுக் கட்டுரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கன மீற்றருக்கு மாற்றுகிறோம். ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233.5 கன மீற்றர். ஒரு கியூசெக் நீர் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 1.98 ஏக்கர் அடி சேரும். களத்தில் அதை 2 என்றே வைத்துக்கொள்வது வழக்கம். அந்த 1.98 இற்கும் 2 இற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சதவீதமளவுதான் என்றாலும், ஒரு போகம் முழுவதும் துருசு திறந்திருக்கும்போது அது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே உங்கள் செய்நிரல் உள்ளே எந்த அலகில் கணக்கிடுகிறது, எந்த வாசலில் மாற்றுகிறது, மாற்றுக் காரணியாக எந்த எண்ணை எடுக்கிறது என்பதை ஓர் அட்டவணையில் எழுதுங்கள். அதைவிட நல்ல வழி, அலகைப் பெயரோடு சேர்த்தே வைப்பது. உள்ளீட்டுக் கோப்பின் நெடுவரிசைக்கு "மட்டம்" என்று பெயரிடாமல் "மட்டம்_அடி" என்று பெயரிட்டால், ஆவணத்தை வாசிக்காதவருக்கும் அந்த அலகு கண்ணில் படும்.

மட்டம் என்று எழுதும்போது எங்கிருந்து அளந்த மட்டம் என்பதையும் எழுதவேண்டும். குளத்தின் அளவுகோலில் பூச்சியம் துருசின் அடிமட்டத்தில் இருக்கலாம். நிலவளவை வரைபடத்தில் பூச்சியம் கடல்மட்டம். இரண்டையும் கலந்தால் குளம் ஒரேயடியாக வற்றும் அல்லது குளக்கட்டைத் தாண்டி நிற்கும். அப்படியானால் பிழை உடனே தெரிந்துவிடும். சில அடிகள் மட்டும் விலகும்போதுதான் யாருக்கும் தெரியாமல் போகும்.

இனி நாள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 உடன் முடியும் 24 மணித்தியாலங்களுக்கானது. எனவே 22 ஆம் திகதிக்கு எதிரே எழுதப்பட்ட மழையில் பெரும்பங்கு 21 ஆம் திகதி பகலிலும் இரவிலும் பெய்ததாக இருக்கலாம். உங்கள் செய்நிரலின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறதா, காலை 8.30 இற்குத் தொடங்குகிறதா? குளத்தின் மட்டம் எத்தனை மணிக்கு வாசிக்கப்பட்டது? இந்த இரண்டையும் எழுதாமல் விட்டால், அளவுதிருத்தம் செய்கிறவர் (கணிப்பு அவதானத்தோடு பொருந்தும்வரை செய்நிரலின் எண்களை மாற்றுகிறவர்) அந்த ஒரு நாள் பின்னடைவை நீரேந்து பிரதேசத்தின் இயல்பு என்று எண்ணி, வழிந்தோடும் நேரத்துக்கான அளவுருவில் அதைப் புதைத்துவிடுவார். கணிப்பு அழகாகப் பொருந்தும். காரணம் மட்டும் தவறாக இருக்கும்.

நேரத்தில் வன்னிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னான பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அக்காலம் முழுவதும் பழைய நேரமே பழக்கத்தில் இருந்தது. ஆகவே அந்தப் பத்தாண்டுகளில் மணி குறித்து எழுதப்பட்ட ஒரு கையேட்டைத் தரவாக்கும்போது, அது எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று பதிவு செய்யாவிட்டால், கொழும்பு நேர வலயத்தைத் தெரிவுசெய்ததும் கணினி தானாகவே அதை நகர்த்திவிடும். நாளாந்தக் கணக்குக்கு அரை மணித்தியாலம் பெரிதில்லை. மணித்தியால மழையோடு வேலை செய்கிறவருக்குப் பெரிது. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். தரவுக் கோப்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவேண்டும்.

விடுபட்ட நாட்களையும் இப்படியே கவனமாகக் குறிக்கவேண்டும். போர்க்காலத்தில் வாசிப்பு எடுக்கப்படாத நாட்கள் உண்டு. அவை சில கோப்புகளில் வெற்றிடமாகவும், சிலவற்றில் சிறிய கோடாகவும், சிலவற்றில் -99 ஆகவும், மோசமானவற்றில் 0 ஆகவும் இருக்கின்றன. மழை பெய்யாத நாளும் மழையை அளக்க ஆளில்லாத நாளும் ஒன்றாகிவிட்டால் பின்னர் எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது. உங்கள் செய்நிரல் எந்தக் குறியை விடுபட்டதாக ஏற்கிறது, அந்த நாளை எப்படி நிரப்புகிறது, தொடர்ந்து எத்தனை நாட்கள் விடுபட்டால் நிரப்பாமல் நின்றுவிடுகிறது என்பதை எழுதுங்கள்.

பெயர்களுக்கு வருவோம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஐகாரம் வரும் எழுத்துக்கூட்டலும் வராத எழுத்துக்கூட்டலும் புழக்கத்தில் உள்ளன. கணினிக்கு அவை இரண்டு குளங்கள். புதுக்குளம் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதுக்குளம் என்று கேட்கவேண்டிய நாடு இது. ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதனோடு அகலாங்கு, நெட்டாங்கையும் தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் வையுங்கள். பழைய எக்செல் கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை; அவற்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் குவிந்து கிடக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றியது யார், எந்தக் கருவியால், மாற்றியபின் கண்ணால் சரிபார்த்தது எத்தனை வரிகள் என்பதும் ஆவணத்தில் சேரவேண்டியதே. திகதியில் நாள் முதலா மாதம் முதலா என்பதற்கு விளக்கம் எழுதுவதைவிட, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையையே கட்டாயமாக்கிவிடுவது நல்லது.

சமன்பாடும் அதன் வரிசையும்

பலர் ஆவணத்தில் சமன்பாட்டை எழுதிவிட்டு, மாதிரியுருவை விளக்கிவிட்டதாக எண்ணுகிறார்கள். குளத்தின் நீர்ச் சமநிலைச் சமன்பாடு பாடசாலை மாணவருக்கும் தெரிந்தது: இன்றைய கொள்ளளவோடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் நாளைய கொள்ளளவு. வாசகருக்குத் தெரியவேண்டியது செய்நிரல் அதை எந்த வரிசையில் செய்கிறது என்பது. முதலில் வரவைக் கூட்டி, முழுக் கொள்ளளவை மிஞ்சியதை வானாக வெளியேற்றிவிட்டு, அதன்பின் துருசு நீரைக் கழித்தால் ஒரு விடை. துருசு நீரையும் ஆவியாதலையும் கழித்தபின் மிஞ்சியதை வானாக எடுத்தால் வேறொரு விடை. குளம் நிரம்பி நிற்கும் மார்கழி நாட்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஆவியாதலைக் கணக்கிட எடுக்கும் நீர்ப்பரப்பு காலையில் இருந்ததா, நாளின் சராசரியா என்பதும் இதைப் போன்றதே.

செய்நிரல் வாய்திறக்காமல் செய்யும் திருத்தங்களைக் கட்டாயம் எழுதுங்கள். சிறுபோகத்தின் (வறண்ட காலப் பயிர்ச்செய்கையின்) கடைசியில் கணிப்பில் குளம் வற்றும்போது, செலவு இருப்பை மிஞ்சி, கொள்ளளவு எதிர்க்குறியாகும். பெரும்பாலானோர் அதைத் தடுக்க, பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியமாக்கு என்று ஒரு வரியைப் போட்டுவிடுகிறோம். அந்த வரி, இல்லாத நீரை வாய்க்காலில் ஓடவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. நான் இப்போது ஒவ்வொரு நாளும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து எஞ்சுவதை வெளியீட்டில் தனி நெடுவரிசையாகத் தருகிறேன். அது எவ்வளவுக்குள் இருந்தால் ஏற்கலாம், எப்போது ஐயப்படவேண்டும் என்பதை ஆவணம் சொல்கிறது.

இப்பகுதியை எப்படி அமைப்பது என்று தெரியாதவர்கள் மொட்ஃபுளோவின் பழைய கையேட்டைப் பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் அளவையகம் 1984 இல் முதலில் வெளியிட்ட அந்த நிலத்தடி நீர் மாதிரியுருவின் கையேட்டில், ஆறு, கிணறு, ஆவியாதல் என்று ஒவ்வொரு கூறுக்கும் முதலில் இயற்கையில் என்ன நடக்கிறது, அதை எப்படி எளிமைப்படுத்தினோம் என்ற விளக்கமும், அடுத்து உள்ளீட்டை எப்படித் தரவேண்டும் என்ற வழிமுறையும், பின்னர் நிரலின் விளக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போர்ட்ரானில் எழுதப்பட்ட அந்தச் செய்நிரலின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் இயங்குவதற்கு அந்தக் கையேடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். விவசாயிகள் துருசு திறக்கும் நாளை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதுபோல மனிதர் நடத்தையை உருவகப்படுத்துகிறவர்களுக்கு, 2006 இல் வெளிவந்து பின்னர் திருத்தப்பட்ட ஓடிடி (ODD) என்ற ஆவணப்படுத்தல் நெறிமுறை இருக்கிறது. அதன் தலைப்புகளை அப்படியே எடுத்து நிரப்பினாலே போதும்.

எண்களுக்குப் பிறப்புச் சான்று

மீண்டும் அந்த 0.7 இற்கு வருகிறேன். ஒவ்வோர் அளவுருவுக்கும் பெயர், மதிப்பு, அலகு, எங்கிருந்து வந்தது, எந்த எல்லைக்குள் மாற்றலாம், மாற்றினால் எது மாறும் என்பவற்றை எழுதவேண்டும். அந்த எண் தட்டத்தின் குணகம் என்று தெரியவந்தபின் அதற்கு நான் எழுதிய பதிவு இது:

பெயர்: தட்டக் குணகம்
மதிப்பு: 0.7
அலகு: இல்லை
மூலம்: அளக்கப்படவில்லை, ஏ வகைத் தட்டத்துக்கு வழக்கமாக எடுக்கப்படும் மதிப்பு
எல்லை: 0.35 முதல் 0.85 வரை (உலக உணவு விவசாய அமைப்பின் 56 ஆம் இலக்க நீர்ப்பாசனத் தாள், 1998)
பாதிப்பு: சிறுபோகக் கடைசியில் மட்டத்தைக் கூடுதலாக மாற்றும், காலபோகத்தில் சிறிதளவே

"அளக்கப்படவில்லை" என்ற சொல்லே இப்பதிவில் முக்கியமானது. அளந்தது, நூலிலிருந்து எடுத்தது, அளவுதிருத்தத்தில் கிடைத்தது, ஊகித்தது என்ற நான்கில் எது என்று ஒவ்வோர் எண்ணுக்கும் எழுதுங்கள். ஊகித்தது என்று எழுத வெட்கப்படவேண்டாம். அப்படி எழுதினால்தான் அடுத்தவர் அதை அளக்கப் புறப்படுவார். நெல்லின் நடுப்பருவப் பயிர்க் குணகம் 1.20 என்று அதே தாளில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டவர், எந்த நெல்லினத்துக்கு, எத்தனை நாட் பயிருக்கு எடுத்தேன் என்பதைச் சேர்க்காவிட்டால் மூன்றரை மாத நெல்லும் நான்கு மாத நெல்லும் ஒன்றாகிவிடும்.

எண்களுக்கு வயதும் உண்டு. இரணைமடுவின் முழுமட்டம் நீண்டகாலம் 34 அடியாக இருந்தது. பிந்திய புனரமைப்பில் அது 36 அடியாக உயர்த்தப்பட்டது. பழைய மட்ட–கொள்ளளவு அட்டவணையோடு வந்த செய்நிரலை இன்று இயக்கினால், குளம் நிரம்புவதற்கு இரண்டு அடி முன்னரே அது வானைப் பாயவிடும். வண்டல் படிந்த சிறு குளங்களில் அட்டவணை இதற்கு எதிர்த்திசையில் பொய் சொல்லும். ஆகவே அட்டவணையின் தலைப்பில் அது எந்த ஆண்டின் அளவையில் இருந்து வந்தது, எந்தத் திகதிகளுக்குப் பொருந்தும் என்று எழுதி, செய்நிரலும் அந்தத் திகதிகளைப் பார்த்து எச்சரிக்கும்படி செய்யுங்கள்.

எவ்வளவு நம்பலாம்

இங்கே எழுதவேண்டியது மூன்று: எந்த ஆண்டுகளின் தரவைக்கொண்டு அளவுதிருத்தம் செய்தீர்கள், எந்த ஆண்டுகளில் சோதித்தீர்கள், எங்கே தோற்றீர்கள். முதல் இரண்டும் ஒன்றாக இருந்தால் அது சோதனையே அல்ல. பொருத்தத்தைக் காட்ட நாஷ், சட்கிளிஃப் இருவரும் 1970 இல் முன்வைத்த அளவையே பலர் தருகிறார்கள். அது 1 என்றால் முழுப் பொருத்தம். 0 என்றால் அவதானத்தின் சராசரியைச் சொல்லிவிட்டுப் போவதைவிட மாதிரியுரு மேலானதல்ல. இவ்வளவையும் ஆவணத்தில் இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். குளத்து மட்டத்தில் இந்த எண் சற்றுத் தாராளமாகவே உயர்ந்து வரும், ஏனெனில் பருவத்தோடு மட்டம் ஏறி இறங்குவதைப் பிடித்தாலே பாதிப் பொருத்தம் கிடைத்துவிடும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனியே தருவது நேர்மை.

தோல்விகளை எழுதும்போது திட்டவட்டமாக எழுதுங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்த நாட்களில், அறியவேண்டியிருந்தது எந்தக் கதவை எந்த மணிக்கு எவ்வளவு திறப்பது என்பது. ஒரு நாளைப் படியாகக்கொண்ட மாதிரியுரு அந்த இரவை ஒரே எண்ணாக விழுங்கிவிடுகிறது. என் ஆவணத்தில் "கதவுகளை இயக்குவது பற்றிய தீர்மானங்களுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது" என்ற வாக்கியம் தடித்த எழுத்தில் இருப்பது இதனால்தான். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குச் சிறுபோக நீர் போதும் என்று ஆராய்வதற்கு அது உதவலாம். அப்போதும் ஒரே விடையாகத் தராமல், மழை குறைந்த ஆண்டுகளுக்கும் கூடிய ஆண்டுகளுக்கும் இயக்கிய வீச்சாகத் தருவதே தகும்.

மற்றவை

நிரலுக்குள் எழுதும் குறிப்புகளில், அந்த வரி என்ன செய்கிறது என்பதை மீண்டும் சொல்லவேண்டாம். ஏன் அப்படிச் செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு செயற்கூறின் தலைப்பிலும் எதைப் பெறுகிறது, எந்த அலகில், எதைத் திருப்பித் தருகிறது என்று எழுதிவிட்டால் ஸ்பிங்ஸ் போன்ற கருவிகள் அவற்றைத் திரட்டித் துணைநூலாக்கித் தரும். ஆனால் அந்தத் திரட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணம் முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது. அது அகராதி, பாடப்புத்தகமல்ல.

உரிமக் கோப்பு ஒன்றைச் சேருங்கள். அது இல்லாத நிரலைப் பார்க்கலாமே தவிர எடுத்தாளச் சட்டப்படி யாருக்கும் அனுமதியில்லை. தரவு வேறு கதை: திணைக்களத்தில் கேட்டுப் பெற்ற மழைத் தரவு உங்களுடையதல்ல, ஆகவே அதைப் பொதுவில் வைக்காமல், யாரிடம் எந்தப் படிவத்தில் கேட்டுப் பெறலாம் என்பதை எழுதி, கற்பனைத் தரவை மட்டும் வையுங்கள். ஆய்வுக் கட்டுரையில் பயன்பட்ட அதே பதிப்புக்கு ஓர் எண் கொடுத்து, செர்ன் நடத்தும் செனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும். மேற்கோள் காட்டுகிறவர் அதைக் காட்டலாம். பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்ற பட்டியலில், விடைகளை மாற்றிய திருத்தங்களைத் தனியே குறியுங்கள்.

மொழி பற்றி என் கருத்து இது. துணைநூலை ஆங்கிலத்தில் எழுதாவிட்டால் வெளியூர் ஆய்வாளர் வரமாட்டார். முதற்பக்கத்தையும் பயிற்சியையும் தமிழில் எழுதாவிட்டால் கமக்காரர் அமைப்பின் செயலாளரும் களத்து உத்தியோகத்தரும் வரமாட்டார்கள், மட்டத்தை நாள்தோறும் வாசிக்கிறவர்களின் பிழைதிருத்தமும் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டையும் இணைக்க ஒரு சொற்பட்டியல் வையுங்கள். வான், துருசு, காலபோகம், சிறுபோகம் என்பவற்றுக்கு நேர்ச்சொல்லோடு ஒரு வரி விளக்கமும் வேண்டும். வான் என்பதை வெறும் ஆகாயமாக மொழிபெயர்த்த ஓர் அட்டவணையை நான் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் சோதனை. செய்நிரலை ஒருபோதும் பார்த்திராத ஒருவரை, இயன்றால் வேறு துறையைச் சேர்ந்தவரை, ஆவணத்தோடு உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும் இடங்களை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லாமல், ஆவணத்தில் அந்தப் பதில் எங்கே இருந்திருக்கவேண்டும் என்று பார்த்து அங்கே எழுதுங்கள். நான் இதை முதன்முறை செய்தபோது என் நண்பர் நான்காவது நிமிடத்திலேயே நின்றுவிட்டார்: உள்ளீட்டுக் கோப்பை எந்தக் கோப்புறையில் வைப்பது என்று நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது முறை உட்கார்ந்தவர், அந்த 0.7 பற்றிக் கேட்ட மாணவி. அவர் பயிற்சியை முடித்து, முப்பதாம் நாள் மட்டம் ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துவந்தபின், மட்ட–கொள்ளளவு அட்டவணையின் ஆண்டைச் சுட்டி, அடுத்த குளத்துக்கு இதைப்போல ஓர் அட்டவணை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதற்கான பத்தியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.